பட்டாவும் படியும்: புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின் கற்பித்தல் முறை

முதியோர் கல்வியைப் பற்றிப் பேசும்போது எழுத்தறிவு விழுக்காட்டை அளவுகோலாகக் கொள்வது வழக்கம். வகுப்பில் என்ன நிகழ்ந்தது, கற்பித்தவர் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டார் என்னும் வினாக்கள் பின்தங்கிவிடுகின்றன. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை இவ்வினாக்களின் வழி அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியாவில் 1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய முதியோர் கல்வித் திட்டம், மதிப்பூதியம் பெறும் ஒரு பயிற்றுநரையும் ஏறத்தாழ முப்பது கற்போரையும் கொண்ட மையங்களை அமைத்தது. 1988இல் தோன்றிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் காலத்தில் இவ்வமைப்பு மாறியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் முயற்சியால் எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஊதியம் பெறாத தொண்டர், அவரிடம் பத்துப் பேர் என்பது அதன்பின் பொதுவான அளவாயிற்று. (இவ்வியக்கம் முதன்மையாகக் கருதியது 15 முதல் 35 வயதினரை, அவர்களை 'முதியோர்' என்றழைத்தது நம் கலைச்சொல்லாக்கத்தின் விந்தைகளுள் ஒன்று.)

புதுக்கோட்டையில் பயன்பட்ட பாடநூல் அகர வரிசையில் தொடங்கவில்லை. முதற்பாடத்தின் சொற்கள் 'பட்டா', 'படி' என்பன. இத்தேர்வில் இரு வேறு சிந்தனைகள் இணைந்துள்ளன. முதலாவது, எழுத்தின் வடிவம் பற்றியது. ப, ட ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை. மண்வெட்டி பிடித்துப் பழகிய கை, வளைவும் சுழியும் மிக்க 'அ'வைவிட இவற்றை எளிதில் எழுதும். 247 எழுத்துகளையும் மனனம் செய்த பின்னரே சொல்லுக்கு வருவது என்னும் மரபு இங்குக் கைவிடப்பட்டது. இரண்டாவது, பாவ்லோ ஃபிரெய்ரேயின் தாக்கம். அவர் 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் உழைப்பாளர் வாழ்விலிருந்தே சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றைப் பற்றி உரையாடியபின் எழுத்துகளைக் கற்பித்தார். நிலமற்ற கூலிப் பெண்ணின் முன் 'பட்டா' என்று எழுதினால், அது யார் பெயரில் உள்ளது என்ற வினா தானே எழும்.

அவ்வினா எழுந்தபின் என்ன செய்வது? இங்கேதான் தொண்டர் பயிற்சியின் சிக்கல் தொடங்குகிறது. கருத்தாளர்கள் அடுத்த நிலைப் பயிற்றுநர்களுக்கும், அவர்கள் தொண்டர்களுக்கும் பயிற்சியளித்தனர். குறுகிய காலத்தில் பெரும் எண்ணிக்கையை எட்ட வேறு வழியில்லை என்பது உண்மையே. ஆயினும், படிநிலை இறங்க இறங்க எழுத்தின் வரிவடிவம் சிதையாமல் சென்றடையும். உரையாடலை நடத்தும் திறன் அவ்வாறு சென்றடையாது. தொண்டர்களோ தாம் பள்ளியில் கண்ட ஆசிரியரையே முன்மாதிரியாகக் கொண்ட இளைஞர்கள். உரையாடல் தடைப்பட்ட இடத்தில் பார்த்தெழுதுதல் வந்து அமர்ந்துகொள்ளும். மூன்று நூல்கள், 200 மணி நேரம், நூலுக்குள்ளேயே தேர்வு என்ற தேசியத் திட்டத்தின் கால வரம்பும் அதற்குத் துணைபோயிற்று என்பது என் கருத்து. பட்டா இல்லாதவர், அச்சொல்லைப் பிழையின்றி எழுதிவிட்டால் பாடம் முடிந்ததாகக் கணக்கிடப்பட்டது.

இவ்வியக்கத்தில் மிகவும் ஈர்ப்புடன் நடைபெற்ற பயிற்சி பாடநூலுக்கு வெளியே அமைந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் மிதிவண்டி ஓட்டுதலும் எழுத்தறிவோடு இணைக்கப்பட்டது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் இதில் ஈடுபட்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். இப்பயிற்சிக்குத் தனித் தேர்வு வேண்டியிருக்கவில்லை. விழுந்தால் பிழை உடனே தெரியும். கற்ற மறுநாளே தண்ணீர் எடுக்கவோ வேலைக்குச் செல்லவோ திறன் பயன்படும். நேற்றுக் கற்றவரே இன்று பயிற்றுநர். பெண்களுக்கான மிதிவண்டிகள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்களின் வண்டிகளை ஓட்டினர். சிலர் அதனையே விரும்பினர் என்றும் சாய்நாத் குறிப்பிடுகிறார்: இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம்.