சொல்லில் வாழும் அந்தலூஸ்

அண்டை நாடுகளான ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் காணச் செல்லும் பயணி, இரண்டின் பண்பாடும் ஒன்றே எனக் கருதக்கூடும். கி.பி. 711-இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி இரு நாடுகளுக்கும் பொதுவான வரலாறே. ஆயினும் அதன் சுவடுகள் இரண்டிலும் ஒரே வகையில் காணப்படவில்லை.

ஸ்பெயினில் கிரானடா 1492 வரை முஸ்லிம்களிடம் இருந்தது. முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கிய குர்துபாப் பெரும்பள்ளி 1236-இல் தேவாலயமாக்கப்பட்டது. எனினும் அதன் தூண்களும் வளைவுகளும் இன்றும் காண்போரை மலைக்க வைக்கின்றன.

போர்ச்சுகலிலோ 1249-இலேயே முஸ்லிம் ஆட்சி முடிவுற்றது. அங்கே அத்தகைய பிரம்மாண்டம் இல்லை. மெர்த்தோலா என்னும் சிற்றூரின் தேவாலயத்தில், பலிபீடத்தின் பின்னே, பழைய பள்ளிவாசலின் மிஹ்ராப் அடக்கமாக நிற்கின்றது.

போர்ச்சுகல் மன்னர் மனுவேல் 1496-இல் முஸ்லிம்களை வெளியேற ஆணையிட்டார். ஸ்பெயினோ, கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களையும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தியது.

ஆயினும் ஒரு நன்மையை விரும்பி ஏங்குகையில் ஸ்பானியர் 'ஓஹலா' என்பர். போர்ச்சுகீசியர் 'ஓஷலா' என்பர். இரண்டும் 'அல்லாஹ் நாடினால்' என்னும் அரபுத் தொடரின் திரிபுகளே. மக்களை வெளியேற்றிய ஆணைகளால் அவர்தம் சொல்லை வெளியேற்ற இயலவில்லை.