மூக்குப்பொடியும் நாலு அடியும்

கண்டக்டர்னதும் டவுன் பஸ்ஸும் விசிலும் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை :-) இது ஆர்கெஸ்ட்ரா முன்னாடி குச்சியோட நிற்கிறவரைப் பத்தின கதை.

அவர் கையாட்டலைன்னா யாருக்கும் என்ன வாசிக்கணும்னே தெரியாதுன்னு ஒரு நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில் எல்லாமே ஒவ்வொருத்தர் முன்னாடியும் அச்சடிச்சு இருக்கு. ஆனா அவங்கவங்க பார்ட் மட்டும்தான். எல்லா வாத்தியமும் சேர்ந்த முழு ஸ்கோர் கண்டக்டர்கிட்ட மட்டும்தான் இருக்கும். நம்ம ப்ராஜெக்ட் மாதிரியேதான். அவனவன் மாட்யூல் அவனவனுக்கு, மொத்த கோடையும் பார்த்தவர் ஒருத்தர்.

வயலின்காரருக்குப் பிரச்னை இல்லை, கிட்டத்தட்ட நிறுத்தாம வாசிச்சுக்கிட்டே இருப்பார். பாவம் டிராம்போன்காரர். அவர் தாளில் ஒரு தடித்த கோடு, மேலே 74னு எண் இருக்கும். 74 பார் சும்மா இருன்னு அர்த்தம். ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்குன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். நடுவுல ஒரு தும்மல் வந்தா கணக்கு காலி. அதனால அவர் நுழையிற இடத்துக்கு முன்னாடி, ஓபோ வாசிக்கிற மெட்டைப் பொடி எழுத்துல அவர் தாளிலேயே போட்டு வைப்பாங்க. இதைக் கேட்டதும் தயாராகுன்னு அர்த்தம். இதுதான் காகிதம் தர்ற க்யூ.

ஆனா காகிதத்துக்கும் மனுஷனுக்கும் ஒத்துப்போகலைன்னா? 22 டிசம்பர் 1808, வியன்னா. குளிரில் சுமார் நாலு மணி நேரம் நடந்த கச்சேரி. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி அன்றைக்குத்தான் அரங்கேறியது. மூணு பகுதி முழுக்க டிராம்போன்காரர்கள் கையைக் கட்டிக்கிட்டு இருந்துட்டு, நாலாவது பகுதியின் முதல் அடியிலேயே முழு சத்தத்தோட இறங்கணும். அதே கச்சேரியின் கடைசியில் கோரல் ஃபேன்டஸி. பியானோவில் பீத்தோவனே. ஒரு இடத்தைத் திருப்பி வாசிக்க வேண்டாம்னு ஒத்திகையில் பேசி வச்சிருந்தார். மேடையில் அதை மறந்து திருப்பி வாசிச்சார்னு உடனிருந்த ஸாய்ஃப்ரீட் எழுதியிருக்கார். இவர் ஒரு வழி, ஆர்கெஸ்ட்ரா ஒரு வழி. கடைசியில் எல்லாரையும் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு.

அந்தக் காலத்துல நடத்துறவர்னு தனியா ஒருத்தர் எப்பவும் இருந்ததில்லை. முதல் வயலின்காரரோ கீபோர்டில் இருப்பவரோ பார்த்துக்குவார். பாரிஸில் பீத்தோவன் சிம்பொனிகளைப் பிரபலமாக்கிய ஆபெனெக் இந்தப் பரம்பரை. வயலின் வில்லாலேயே தாளம் காட்டுவார். முன்னாடி முழு ஸ்கோர்கூடக் கிடையாது. முதல் வயலின் பார்ட், அதில் மத்த வாத்தியங்கள் நுழையும் இடங்களின் குறிப்பு, அவ்வளவுதான்.

இவர்கிட்டதான் 1837 டிசம்பர் 5-ம் தேதி பெர்லியோஸின் ரெக்வியம் வந்து சேர்ந்தது. இடம் பாரிஸின் அன்வாலிட் தேவாலயம். பெரிய கூட்டத்தின் நாலு மூலையிலும் நாலு பித்தளைக் குழுக்கள். 'டூபா மிரும்' வரும்போது வேகம் சட்டென்று பாதியாகி, நாலு மூலையும் முழங்கத் தொடங்கும். சரியா அந்த இடத்துல ஆபெனெக் குச்சியைக் கீழே வச்சுட்டு, மூக்குப்பொடி டப்பாவை எடுத்தாராம்! பின்னாலேயே நின்ற பெர்லியோஸ் பாய்ந்து முன்னாடி போய், கையை நீட்டி, புது வேகத்தின் நாலு அடிகளையும் தானே போட்டார்.

இது பெர்லியோஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்றது. மனுஷன் கதை சொல்றதுல கொஞ்சம் மசாலா சேர்க்கிறவர், அதனால ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுறாங்க. அவரோ இது சதின்னே நினைச்சார். எனக்கு அப்படித் தோணலை. தாளம் ஒரே சீரா ஓடும்போது ஆர்கெஸ்ட்ரா தானே எண்ணிக்கிட்டுப் போகும், ஒரு சிட்டிகைப் பொடிக்கு நேரம் இருக்கும். பழைய ஆள், அந்தப் பழக்கத்திலேயே இருந்திருப்பார்.

ஆனா அந்த இடம் அப்படிப்பட்டது இல்லை. 'மெதுவாக'ன்னு தாளில் அச்சடிக்கலாம். எவ்வளவு மெதுவா, எந்த நொடியிலிருந்துன்னு அச்சடிக்க முடியாது. காதை நம்பலாமா? ஒலி 34 மீட்டர் போகவே பத்தில் ஒரு நொடி ஆகும். எதிர் மூலையைக் கேட்டு வாசிச்சா எப்பவும் தாமதம்தான். கண்ணால் பார்த்தே ஆகணும். அதுவும் அடி விழும்போது பார்த்துப் பிரயோஜனமில்லை. அதுக்கு ஒரு அடி முன்னாடியே கை மேலே எழும்பணும். ஊதுறவர் மூச்சு இழுக்கணுமே! அந்த எழும்பலிலேயே வேகம், சத்தம் எல்லாம் தெரிஞ்சிடும். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் செட்டப் டைம் படிச்சிருப்பீங்களே, அதேதான்.

பெர்லியோஸ் தானும் ஒரு கண்டக்டர்தான், 1855-ல் அந்தக் கலையைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அதே வருஷம் பாரிஸ் பொருட்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களை வச்சுக் கச்சேரி. தூரத்தில் நின்ற துணைக் கண்டக்டர்களுக்குத் தாளம் போய்ச் சேர, பிரஸ்ஸல்ஸிலிருந்து மின்சார மெட்ரோனோம் வரவழைச்சார். வலது கையில் குச்சி, இடது கை விரல் பொத்தான் மேல. ஒவ்வொரு அடிக்கும் ஒரு அழுத்து, கம்பி வழியா அங்கே அடி விழும்.

ரெண்டு கையும் பிஸி. பொடி போட வழியே இல்லை :-)