பயிற்சி மட்டும்தானா? கீனி மீனி கதை

முதலிபாளையம் சிட்கோ பக்கத்துல உட்கார்ந்து பேசறேன். பின்னாடி பவர் டேபிள் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன எபிசோட்ல அங்கோலா பார்த்தோம். அங்கே கூலிப்படையாகப் போய்ப் பிடிபட்டவர்களில் மூன்று பிரிட்டிஷ்காரர்களும் ஒரு அமெரிக்கரும் 1976 ஜூலையில் லுவாண்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லண்டனில் டிப்லாக் குழு அறிக்கை கொடுத்தது. புதுச் சட்டம் வரவில்லை. அந்த ஓட்டை நம்ம பக்கத்துக் கடல் வரைக்கும் வந்துச்சு.

கீனி மீனி சர்வீசஸ், சுருக்கமா கே.எம்.எஸ். பேரைக் கேட்டா சிரிப்பு வரும். 1950களில் கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷ் படையினர் ரகசிய வேலைக்குப் பயன்படுத்திய சொல் அது. புல்லுக்குள் பாம்பு நெளிவதைக் குறிக்கும் என்பார்கள். எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையின் முன்னாள் அதிகாரிகள் 1970களில் நடத்திய கம்பெனி.

1983 கலவரத்துக்குப் பிறகு ஜெயவர்த்தனா அரசுக்குப் பயிற்சியாளர்கள் தேவைப்பட்டார்கள். நேரடியாக எஸ்.ஏ.எஸ்.ஸை அனுப்பி இந்தியாவைப் பகைத்துக்கொள்ள லண்டனுக்கு மனமில்லை. 1984இல் கே.எம்.எஸ். போனது. களுத்துறை பக்கம் கட்டுக்குருந்தவில், போலீஸின் சிறப்பு அதிரடிப் படைக்கு, அதாவது எஸ்.டி.எஃப்.க்கு, பயிற்சி கொடுத்தது.

நம்ம ஊர்ல ஆர்டர் எடுத்தவர் வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பார். பீஸ்ல தப்பு வந்தா, ‘அது எங்க யூனிட் இல்லீங்க’ம்பார். லண்டன்தான் ஆர்டர் கொடுத்ததுன்னு நான் சொல்ல வரலை. தெரிஞ்சிருந்தும் தடுக்கலை. கேட்டா, அது தனியார் கம்பெனி.

சரி, பயிற்சியோட நின்னாங்களா? இல்லை. கே.எம்.எஸ். விமானிகள் இலங்கை விமானப்படையின் ஹெலிகாப்டர்களைப் போருக்குள்ளேயே ஓட்டினார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்மித் பின்னாளில் தன் அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். அதுக்குப் பிறகும் ‘வெறும் பயிற்சி’ன்னு எப்படிச் சொல்றது?

1987 ஜனவரி, மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலை. இறால் பண்ணைத் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களுமாக 80க்கும் மேற்பட்ட தமிழர்களைக் கொன்றதாக எஸ்.டி.எஃப். மீது குற்றச்சாட்டு. அன்று துப்பாக்கி பிடித்தவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்போது பிரிட்டனில் எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.

பத்திரிகையாளர் பில் மில்லர் பழைய அரசு ஆவணங்களைத் தோண்டியெடுத்து 2020இல் புத்தகம் போட்டார். அதே ஆண்டுதான் லண்டன் போலீஸ், கே.எம்.எஸ். மீது போர்க்குற்ற விசாரணையைத் தொடங்கியது. கொக்கட்டிச்சோலை நடந்து அதுக்குள்ள 33 வருஷம் ஆகியிருந்தது.