துடைப்பத்தோடு தொடங்கிய வரலாறு: லிவர்பூலின் கிரான்பி தெரு



ஊர்க் கடைத்தெரு களையிழந்துவிட்டது என்று உங்களில் பலர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். "கவர்மெண்ட்தான் ஏதாவது செய்யணும் டீச்சர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல இங்கிலாந்தில் நடந்த ஒரு வரலாற்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

லிவர்பூல் ஒரு துறைமுக நகரம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அங்கே டாக்ஸ்டெத் என்ற பகுதியில் கிரான்பி தெரு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள், சோமாலியா, ஏமன் என்று பல நாடுகளிலிருந்து கப்பலில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்தப் பகுதியில் குடியிருந்தார்கள். கிரான்பி தெருதான் அவர்களுக்குக் கடைவீதி. எந்த நாட்டுச் சமையலுக்கு வேண்டிய சாமானும் அங்கே கிடைக்கும் என்று பெயர் வாங்கிய தெரு.

பிறகு துறைமுகத்தில் வேலை குறைந்தது. 1931இல் எட்டரை லட்சமாக இருந்த லிவர்பூலின் மக்கள்தொகை, 2001இல் நாலரை லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. வேலையின்மையும், கறுப்பின இளைஞர்களிடம் போலீஸ் நடந்துகொண்ட விதமும் சேர்ந்து, 1981 ஜூலையில் டாக்ஸ்டெத்தில் பெருங்கலவரம் வெடித்தது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன்பின் அந்தப் பகுதிக்குக் கிடைத்தது பெரும்பாலும் புறக்கணிப்புதான்.

நகராட்சி வீடுகளை வாங்கியது, குடியிருந்தவர்களை வேறிடத்துக்கு அனுப்பியது, சன்னல்களைப் பலகையும் தகரமும் வைத்து அடைத்தது. சுற்றியிருந்த பல தெருக்கள் இடிபட்டன. 2002இல் அரசு கொண்டுவந்த வீட்டுச் சந்தைப் புதுப்பிப்புத் திட்டத்திலும் பழைய வீடுகளை இடிப்பது பெரிய பங்காக இருந்தது. ஆள் போனால் வியாபாரம் போகும், வியாபாரம் போனால் மிச்ச ஆளும் போகும். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியில் பீக்கன்ஸ்ஃபீல்ட், கெய்ர்ன்ஸ், ஜெர்மின், டூசி என்ற நான்கு குறுக்குத் தெருக்கள்தான் பழைய வீடுகளோடு மிஞ்சின. அவற்றிலும் பெரும்பாலான வீடுகள் காலி.

ஆனாலும் சிலர் வெளியேற மறுத்தார்கள். அவர்களில் பெண்களே அதிகம். 1993இல் சங்கம் வைத்து இடிப்பை எதிர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தும் பெரிய மாற்றம் இல்லை. குப்பையைக்கூட யாரும் ஒழுங்காக அள்ளாத நிலையில், தாங்களே துடைப்பம் எடுத்துத் தெருவைப் பெருக்கினார்கள். வாசல்களில் தொட்டி வைத்துப் பூச்செடியும் கொடியும் வளர்த்தார்கள். அடைத்த சன்னல் பலகைகளில் திரைச்சீலையும் பூவும் வரைந்தார்கள். கெய்ர்ன்ஸ் தெருவில் மாதம் ஒருமுறை சந்தை போட்டார்கள். பழைய துணி, வீட்டுப் பலகாரம் என்று கையில் இருந்ததை விற்றார்கள். யாரும் வராத தெருவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். "இங்கே யாரும் இல்லை, இடிக்கலாம்" என்ற வாதம் பலமிழந்தது. இடிப்புத் திட்டத்துக்கான அரசுப் பணமும் 2011இல் நின்றுபோனது. அதே ஆண்டு அந்த மக்கள் சமூக நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்கும், வீட்டு விலை அந்தப் பகுதி மக்களின் சம்பளத்தை ஒட்டியே இருக்கும், வாங்கி மறுவிலைக்கு விற்றுக் கொழிக்க முடியாது. நகராட்சி கெய்ர்ன்ஸ் தெருவில் பத்து வீடுகளை அவர்களிடம் ஒப்படைத்தது. சமூக நோக்குள்ள ஒரு முதலீட்டாளர் கடன் கொடுத்தார். அசெம்பிள் என்ற இளம் கட்டிடக்கலைக் குழு கூட நின்றது. மற்ற பல வீடுகளை வீட்டுவசதிச் சங்கங்கள் புதுப்பித்தன.

2015இல் அந்தக் குழுவுக்கு, பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு இந்தப் பணிக்காகக் கிடைத்தது. இடிந்த வீடுகளின் செங்கல் துண்டுகளைக் கலந்து கணப்படுப்புச் சட்டங்கள் செய்ய ஒரு பட்டறையும் தொடங்கினார்கள். கூரை விழுந்த இரண்டு வீடுகளை 2019இல் கண்ணாடிக் கூரையிட்ட பொதுத் தோட்டமாக மாற்றினார்கள்.

பரிசு வாங்கியவர்களின் பெயர் பத்திரிகைகளில் வந்தது. பரிசுக்குப் பல ஆண்டுகள் முன்பே பெருக்கியவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அரண்மனை கட்டியவனைப் படிக்கிறோம், வாசல் தெளித்தவளைப் படிப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இடிந்த தெருக்கள் திரும்ப வரவில்லை. கிரான்பி தெருவின் பழைய கடைக்கூட்டமும் முழுதாகத் திரும்பவில்லை. தொட்டிச் செடி வைத்து வீட்டுக்குக் கூரை போட முடியாது. அதற்கு நிலமும் கடனும் சட்டமும் வேண்டும், அவை அரசிடமும் பணம் உள்ளவர்களிடமும்தான் இருக்கின்றன. மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அரசு கைகழுவ இந்தக் கதை சாட்சியாகிவிடக் கூடாது. ஆனால் உதவி வந்து சேரும்போது தெரு நின்றுகொண்டிருக்க வேண்டுமே! அதை நிற்க வைத்தவர்கள் அக்கம்பக்கத்தார்தான்.

ஆகவே பிள்ளைகளே, மனுவும் கொடுங்கள், துடைப்பமும் எடுங்கள். உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்காக யாராவது இப்படிப் பாடுபடுகிறார்கள் என்றால் கீழே எழுதுங்கள். டீச்சர் ஆசையாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்