பிசினஸ் கிளாஸும் கூரையில்லாத ரயில் பெட்டியும்



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "ஒரே விமானம், ஒரே நேரத்தில்தான் எல்லாரும் போய் இறங்குகிறோம். பிசினஸ் கிளாஸுக்கு மட்டும் ஏன் சார் மூன்று, நான்கு மடங்கு விலை?" கொஞ்சம் நீளமான பதில். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் கணக்கு. போயிங் 777 போன்ற பெரிய விமானத்தில் எகானமியில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர். முன்னால் படுக்கை வசதியுள்ள பிசினஸ் கிளாஸில் பல நிறுவனங்கள் நான்கு பேரைத்தான் உட்கார வைக்கின்றன. அந்த வரிசையும் எகானமியின் ஒன்றரை வரிசை நீளத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, பிசினஸில் ஒருவர் இருக்கும் இடத்தில் எகானமியில் ஏறத்தாழ நான்கு பேர் உட்காரலாம். நான்கு மடங்கு விலையில் பெரும்பகுதி இடத்துக்கான வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை நியாயம்தான்.

ஆனால் வரலாறு இன்னொரு காரணத்தையும் சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ரயில் வந்தபோது, மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் பலவற்றுக்குக் கூரையே கிடையாது. மழையும் புகையும் தலைமேல்தான். பிரான்சின் பொறியாளரும் பொருளியல் அறிஞருமான ஜூல் டுப்யூய் 1849-ல் இதைப் பற்றி எழுதினார். கூரை போட ஆகும் செலவு அற்பம், ஆனாலும் போடவில்லை. ஏழையை வதைப்பது அவர்கள் நோக்கமில்லை. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவனைப் பயமுறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார். மேல் வகுப்பை விற்பதற்காகக் கீழ் வகுப்பின் வசதியைக் குறைப்பது! இதை மனதில் வைத்துக்கொண்டு விமானத்துக்கு வாருங்கள்.

அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களில் 1952-ல் குறைந்த கட்டணத்தில் டூரிஸ்ட் கிளாஸ் வந்தது. 1958-ல் அதைவிட மலிவாக எகானமி கிளாஸ் வந்தது. அப்போது கட்டணத்தை ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சங்கம் நிர்ணயித்தது. எகானமி பயணிக்குச் சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்பது விதி. ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனமோ, தங்கள் ஊர் வழக்கப்படி ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியும் மீனும் தாராளமாக அடுக்கிக் கொடுத்தது. அமெரிக்காவின் பான் ஆம் புகார் செய்தது. விசாரணை நடந்து, எஸ்.ஏ.எஸ். அபராதம் கட்டியது. நல்ல சாப்பாடு போட்டதற்கு அபராதம்! டுப்யூய் சொன்ன கூரை, இங்கே சாண்ட்விச்சாக வந்துவிட்டது.

அடுத்தது பிசினஸ் கிளாஸ் பிறந்த கதை. 1970-களில் சலுகைக் கட்டணங்கள் பெருகின. 1977-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'சூப்பர் சேவர்' என்று முன்பதிவுச் சலுகையைக் கொண்டுவந்தது. கடைசி நேரத்தில் அலுவலக வேலையாகக் கிளம்புகிறவர் முழுக் கட்டணம் கொடுத்து, சலுகையில் வந்த சுற்றுலாப் பயணியின் பக்கத்தில் அதே சீட்டில் உட்கார்ந்தார். "எனக்கு என்ன மரியாதை?" என்று அவர் முணுமுணுத்தார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் முன்பகுதியைப் பிரித்துக் கொடுத்தார்கள். 1978-ல் பான் ஆம் 'கிளிப்பர் கிளாஸ்' தொடங்கியது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் 'பிசினஸ் கிளாஸ்' என்றே பெயர் வைத்தது. தட்டையாகப் படுக்கும் சீட்டை பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸுக்குக் கொண்டுவந்தது 2000-ல்.

முன்னால் சீட் படுக்கையானபோது பின்னால் என்ன நடந்தது? 1970-களில் எகானமியில் ஒரு சீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 35 அங்குலம். இன்று பெரும்பாலும் 31. சில மலிவு விமானங்களில் 28. டிக்கெட் மலிவானதற்கு இதுவும் ஒரு காரணம், மறுக்கவில்லை. மலிவானதால்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் பறக்க முடிந்தது. ஆனால் முழங்கால் இடிக்கும்போதுதானே முன்வரிசையின் மேல் ஆசை வருகிறது!

விலைக்கும் வசதிக்கும் ஒரு விகிதம் வேண்டும் என்று நம் நாட்டில் கேட்டவர் காந்தியடிகள். 1917-ல் பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தை எழுதினார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. முதல் வகுப்புக்கு இதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். வசதியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டாம், பத்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்காரனுக்குக் கிடைக்கிறதா என்பது அவர் கேள்வி.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சந்தையிலிருந்து வரவில்லை. 1844-லேயே பிரிட்டனில் சட்டம் வந்தது: ஒவ்வொரு பாதையிலும் தினமும் ஒரு வண்டியாவது மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், இருக்கையோடும், மழை காற்றுக்குப் பாதுகாப்போடும் ஓட வேண்டும். இந்தியாவில் மூன்றாம் வகுப்பு 1974-ல் ஒழிந்தது. பிறகு ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் மரப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல மெத்தை போட வைத்தார். முதல் வகுப்பை அவர் குறைக்கவில்லை. கீழே இருந்ததை உயர்த்தினார். இன்று நம்மில் யாரும் அந்த மரப்பலகையை நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை.

ஆகவே பிள்ளைகளே, கையில் வசதி இருந்து, வயதான பெற்றோருக்குப் பிசினஸ் கிளாஸ் எடுத்தால் தவறே இல்லை. நீண்ட பயணத்தில் அவர்களுக்குத் தூக்கம் பெரிய வரம். எகானமியில் போகிறவர் அதற்காகக் கூசவும் வேண்டாம். மேல் வகுப்பு எவ்வளவு உயரப் போகலாம் என்பதை வியாபாரம் தீர்மானிக்கட்டும். கீழ் வகுப்பு எதற்குக் கீழே போகக் கூடாது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது மக்களும் சட்டமும். ரயிலில் அது நடந்தது. விமானத்தில் இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.

மரப்பலகை மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், இளையவர்கள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்