கலவையைப் பிரித்தால் சிறை!



மணலும் உப்பும் கலந்து கிடக்கின்றன. எப்படிப் பிரிப்பீர்கள்? தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் உப்பு கரையும், மணல் கரையாது. துணியில் வடிகட்டினால் மணல் மேலே நின்றுவிடும். வடிந்த நீரைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மிஞ்சும். கரைத்தல், வடிகட்டல், ஆவியாக்கல். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த இரண்டு மதிப்பெண் கேள்விதான். ஆனால் இதே வேலையை 1930-ல் உரிமம் இல்லாமல் வீட்டு அடுப்பில் செய்திருந்தால் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்!

வணிகவியல் படிக்கிறவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என்னை இங்கே இழுத்து வந்ததே ஒரு வரிச் சட்டம்தான். கலால் வரி பற்றிப் படிக்கும்போது 1944-ம் வருடத்துச் சட்டம் ஒன்று வரும். அதன் பழைய பெயர் 'மத்திய கலால் மற்றும் உப்புச் சட்டம்'. அதில் 'உற்பத்தி' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருந்தது. உப்பைப் பொறுத்தவரை சேகரிப்பது, அகற்றுவது, ஊறவைப்பது, ஆவியாக்குவது, கொதிக்கவைப்பது, மண்ணிலிருந்து உப்பைப் பிரிப்பது, வெடியுப்பு செய்யும்போது கிடைக்கும் உப்பைப் பிரிப்பது, தானாகப் பூத்த உப்பைத் தோண்டி எடுப்பது எல்லாமே உற்பத்தி. படித்ததும் சிரிப்பு வந்தது. 'கலவைகளைப் பிரித்தல்' பாடத்தை அப்படியே வக்கீல் கையில் கொடுத்து எழுதச் சொன்னது மாதிரி இருந்தது.

ஆனால் இது விளையாட்டு இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு பொந்தை அடைக்க வைத்தது. உப்புக்கு வரி போட்டாகிவிட்டது. மக்கள் வேறு எந்த வழியில் உப்பு எடுத்துவிடுவார்கள் என்று யோசித்து யோசித்து, ஒவ்வொரு வழியையும் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பு வணிகத்தைத் தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது 1805-ல். அதற்கு முன்பும் உப்பு விலை கொடுத்து வாங்கும் பொருள்தான். சங்கப் பாடல்களில் உமணர்கள் வண்டி வண்டியாக உப்பு ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றுவார்கள். எங்கள் திருவண்ணாமலை கடலைப் பார்க்காத ஊர். பக்கத்து உப்பளம் என்றால் மரக்காணம், சுமார் 100 கிலோமீட்டர். அப்படியானால் உள்ளூர்க்காரன் என்ன செய்வான்? அங்கேதான் 'மண் உப்பு' வருகிறது.

உவர் நிலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் மண்ணைச் சுரண்டி, அடியில் வைக்கோல் போட்ட குழியிலோ பானையிலோ கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். உப்பு கரைந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். அந்த நீரை வெயிலில் வைத்தால், அல்லது காய்ச்சினால், உப்பு. இதைப் பரம்பரைத் தொழிலாகச் செய்தவர்கள் உப்பிலியர். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு மண் உப்பை ஒடுக்கியது. அந்தத் தொழில் போனபின் உப்பிலியர் மண்வெட்டு, ஏரி வெட்டு, வீடு கட்டும் வேலைகளுக்குப் போனதை 1909-ல் வெளிவந்த தன் தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். வேதியியல் தெரிந்த ஒரு கூட்டத்தையே சட்டம் மண் சுமக்க அனுப்பிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மண் உப்பு சுத்தமில்லாதது என்பது அதன்மேல் சொல்லப்பட்ட குறை. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. உப்பளத்தில்கூட கடல்நீரை முழுக்க வற்றவிடமாட்டார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள்; அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவுதான். நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். அதைத் தனிப் பாத்தியில் விட்டுவிட்டு, அடுத்த பாத்தியில் சாப்பாட்டு உப்பை எடுப்பார்கள். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் இருக்கும், அதை வடித்துவிடுவார்கள். இந்தப் பக்குவம் பானையில் வராது. ஆனால் குறை சுத்தத்தில் மட்டும்தான் என்றால் சுத்தமாக எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கலாமே! ஏன் தடை?

வெடியுப்பு விஷயம் இன்னும் சுவாரசியம். வெடிமருந்துக்கு வேண்டிய பொட்டாசியம் நைட்ரேட்டும் மண்ணிலிருந்துதான் வந்தது, சாப்பாட்டு உப்போடு கலந்தே வந்தது. 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 32 கிராம் வெடியுப்பு கரையும். கொதிநிலையில் 240 கிராமுக்கு மேல் கரையும். சாப்பாட்டு உப்போ 36-லிருந்து 39 ஆவதோடு சரி. அதனால் கரைசலைக் கொதிக்கவைத்துச் சுண்டச் செய்தால் சாப்பாட்டு உப்பு சூட்டிலேயே அடியில் படியும், ஆறவைத்தால் வெடியுப்பு படியும். அதாவது வெடியுப்பு செய்தால் சாப்பாட்டு உப்பு வந்தே தீரும். எங்கள் அடக்கவிலைப் பாடத்தில் இதற்குத் துணைப்பொருள் என்று பெயர். அரசாங்கத்துக்கு அது கள்ள உப்பு!

1923-ல் ஒரு மணங்கு உப்புக்கு (சுமார் 37 கிலோ) 1 ரூபாய் 4 அணாவாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணா ஆனது. அடுத்த வருடமே பழைய அளவுக்கு வந்தாலும், உற்பத்திச் செலவைப் போல அது பல மடங்கு. 1930 ஏப்ரல் 6-ல் காந்தி தண்டியில் உப்பெடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசாத ஒரு விவரம்: அவர் வருமுன்பே அங்கே கரையில் படிந்திருந்த உப்பைச் சேற்றோடு கலந்துவிட்டிருந்தார்கள். பிரிப்பது குற்றம், கலப்பது கடமை!

ஏப்ரல் 13-ல் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார். 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். வேதாரண்யம் சதுப்பில் உப்பு வெயிலிலேயே தானாக விளையும். பிரிக்கும் வேலையைச் சூரியனே செய்துவிட்டது, ராஜாஜி குனிந்து அள்ளியதுதான் பாக்கி. சட்டப்படி அதுவும் குற்றம். கடலே இல்லாத அலகாபாத்தில் நேருவும் நண்பர்களும் மண்ணைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். அந்த உப்பு வாயில் வைக்கும்படி இல்லை என்பதை அவரே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். இருந்தும் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிற்றாம்!

1931 மார்ச் 5-ல் கையெழுத்தான காந்தி - இர்வின் ஒப்பந்தம், உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளவும் தங்களுக்குள் விற்றுக்கொள்ளவும் இடம் கொடுத்தது. வெளியூருக்கு விற்கக் கூடாது. வரி முழுவதும் போனது 1947 ஏப்ரலில். சட்டத்தின் பெயரிலிருந்து 'உப்பு' என்ற சொல் நீங்க மட்டும் 1996 வரை ஆயிற்று. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி.யில் உப்புக்கு வரி பூஜ்யம்.