பேரிங் நீரிணை வட்டாரச் செவிநலச் சோதனை: தொலைமருத்துவத்தின் பயன் எங்கே விளைந்தது?

ஊர்ப்புறச் செவிநலத்தில் தொலைமருத்துவத்தின் இடத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஒரே அளவுகோலைக் கையாண்டுள்ளனர். செவிப்பறையின் படத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும் மருத்துவரின் முடிவும், அதே காதை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதே அது. பொருத்தம் நன்றாக இருந்தால் முறை வெற்றி. குறைந்தால் இன்னும் நல்ல கருவி தேவை. இந்த ஆய்வு மரபு, ஊர்ப்புறக் குழந்தைக்குச் செவி மருத்துவம் கிட்டாமைக்குக் கருவியின்மையே காரணம் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. அலாஸ்காவின் பேரிங் நீரிணை வட்டாரத்தில் நடந்த சோதனையும் இக்கண்ணோட்டத்திலேயே பலரால் வாசிக்கப்படுகிறது. அதன் எண்களை நெருங்கிப் பார்த்தால் வேறொரு முடிவே கிடைக்கிறது.

படத்தின் நம்பகத்தன்மை பற்றிய கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்ட ஒன்று. செவிப்பறையில் காற்றுக்குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகளைக் கொண்டு அலாஸ்காவில் நடந்த ஒப்பீட்டில், படத்துக்கும் நேர்ப் பார்வைக்கும் இடையிலான உடன்பாடு, நேரில் பார்த்த இரு மருத்துவர்களுக்கு இடையிலான உடன்பாட்டை ஒத்திருந்தது. படம் ஐயத்துக்கு இடம் வைக்கும்போது அதை ஈடுசெய்ய வழியும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஊர்க் கிளினிக்கின் பணியாளர் ஒரு சிறுவனின் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, வீடியோ ஓட்டோஸ்கோப்பின் முனையைச் செலுத்திப் படமெடுக்கிறார். செவிப்பறையின் முன்கீழ்ப் பகுதியில் தெரிய வேண்டிய ஒளிக்கூம்பு மங்கியிருக்கிறது. பின்னால் நீர் தேங்கியிருக்கலாம், படத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. அதே பதிவில், செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமீட்டர் தட்டையான கோட்டைக் காட்டி, காதுக்குழலின் கொள்ளளவு இயல்பாக இருந்தால் நடுக்காதில் நீர் இருப்பதாகக் கொள்ளலாம். கோடு தட்டையாக இருந்து கொள்ளளவு மிகுந்திருந்தால், செவிப்பறையில் துளை இருக்கிறது, அல்லது பொருத்திய குழாய் அடைபடாமல் இருக்கிறது என்று பொருள். இவற்றைச் சேமித்து அனுப்பினால் போதும். மருத்துவரும் குழந்தையும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டியதில்லை. மெதுவான இணையம் பெருந்தடை என்ற வாதத்துக்கு இவ்வகை மருத்துவத்தில் அதிக வலு இல்லை.

இனி அச்சோதனை. நோம் நகரை மையமாகக் கொண்ட இவ்வட்டாரத்தின் பெரும்பாலான ஊர்களுக்கு நோமிலிருந்து சாலை கிடையாது. சிறு விமானம், படகு, பனிவண்டி ஆகியவையே போக்குவரத்து. 2017 முதல் 2019 வரை 15 ஊர்களின் பள்ளிக் குழந்தைகள் 1,481 பேர் இதில் பங்கேற்றனர். முடிவுகள் 2022இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியாயின. ஊர்கள் சமவாய்ப்பு முறையில் இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டன. ஓர் அணியில் வழக்கமான நடைமுறை: பள்ளிச் சோதனையில் குறை தென்பட்டால் வீட்டுக்குக் கடிதம் போகும், குழந்தையை மருத்துவரிடம் காட்டுவது பெற்றோரின் பொறுப்பு. மற்ற அணியில் பரிந்துரை ஊர்க் கிளினிக்கில் நடக்கும் தொலைமருத்துவ ஆலோசனைக்குச் சென்றது. பரிந்துரை தேவைப்பட்டவர்கள் 790 பேர். தொலைமருத்துவ ஊர்களில் 391 பேரில் 268 பேர், அதாவது 68.5 விழுக்காட்டினர், தொடர்சிகிச்சைக்கு வந்தனர். வழக்கமான ஊர்களில் 399 பேரில் 128 பேர்தான் வந்தனர்; இது 32.1 விழுக்காடு.

இச்சோதனையிலிருந்து மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது 17.6 என்ற எண். தொலைமருத்துவத்தால் நோயறிதல் 17.6 மடங்கு விரைவாகிறது என்று அதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். விரைவு என்றதும் மருத்துவரின் பதில் இணையத்தில் பறந்து வருவதாகவே எண்ணம் ஓடுகிறது. ஆனால், நோயறிதலுக்கு ஆன சராசரி நாட்கள் தொலைமருத்துவ அணியில் 41.5, வழக்கமான அணியில் 92.0. இவற்றின் விகிதம் 2.2 மடங்கே. அப்படியானால் 17.6 எங்கிருந்து வந்தது? கால அளவைக் கணிக்கும் அப்புள்ளியியல் முறை, வந்தவர்களின் காத்திருப்பை மட்டும் எண்ணுவதில்லை. கடைசிவரை வராதவர்களையும், முடிவு தெரியாமல் நிற்கும் காத்திருப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. வழக்கமான அணியில் அப்படி நின்றவர்கள் 271 பேர். மற்ற அணியில் 123 பேர். 17.6 என்பது பெருமளவு இவ்வேறுபாட்டின் எதிரொலி. அதன் நம்பக எல்லை 6.8 முதல் 45.3 வரை விரிந்துகிடப்பதால், அந்த எண்ணைத் துல்லியமான மடங்காக எடுத்துக்கொள்வதும் தகாது. சோதனை காட்டிய முதன்மையான மாற்றம் வருகையில் நிகழ்ந்தது; விரைவு அதற்கு அடுத்த நிலையிலேயே நிற்கிறது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று பலர் கண்ணில் படவில்லை. வழக்கமான அணியின் ஊர்கள் தொலைமருத்துவத்தையே அறியாதவை அல்ல. அலாஸ்காவின் பழங்குடி மருத்துவ அமைப்பு 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்தே வீடியோ ஓட்டோஸ்கோப்பும் கேமராவும் பொருந்திய தள்ளுவண்டிகளை ஊர்க் கிளினிக்குகளுக்கு வழங்கி வந்துள்ளது. இதே வட்டாரத்தின் பழைய பதிவுகள் அதன் பலனைக் காட்டுகின்றன. தொலைமருத்துவத்துக்கு முன், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் புதிதாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 47 விழுக்காட்டினர் ஐந்து மாதமோ அதற்கு மேலோ காத்திருந்தனர். அது வந்த முதல் மூன்றாண்டுகளில் இந்த அளவு 8 விழுக்காடாகவும், அடுத்த மூன்றாண்டுகளில் 3 விழுக்காட்டுக்கும் கீழாகவும் இறங்கியது. முன்பின் ஒப்பீடு என்பதால் இதை அளவோடுதான் நம்ப வேண்டும். ஆயினும் இரு சான்றுகளையும் அருகருகே வைத்தால் நிலைமை தெளிவாகிறது. கிளினிக்கின் உள்ளே வந்துவிட்ட நோயாளியின் காத்திருப்பைக் கருவி குறைத்துவிட்டது. அதற்குப் பல்லாண்டுகள் கழித்தும், பள்ளியில் குறை கண்டறியப்பட்ட குழந்தைகளில் மூன்றில் இருவர் கிளினிக்கின் வாசலை மிதிக்கவில்லை. குறை கருவியில் இல்லை; பள்ளிக்கும் கிளினிக்குக்கும் இடையே எவருக்கும் பொறுப்பில்லாத அந்த இடைவெளியில் இருந்தது.

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். சோதனையில் பரிந்துரை முறையும் தொலை ஆலோசனையும் சேர்ந்தே மாற்றப்பட்டன. எது எவ்வளவு பயன் தந்தது என்று பிரித்துக் காட்ட வழியில்லை. இது நியாயமான தடை. நோமுக்கோ ஆங்கரேஜுக்கோ பறக்காமல் சொந்த ஊரிலேயே வல்லுநரின் கருத்துக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பெற்றோரை வரவழைத்திருக்கக்கூடும். எனினும் கருவி இரு அணிகளுக்கும் பொதுவாக இருக்க, பரிந்துரை வழி மாறிய நிலையில், வருகை இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததற்கு வழியையே முதற்காரணமாகக் கொள்வது பொருத்தம். அலாஸ்காவின் நிலை தனித்தது, பிற நாடுகளுக்குப் பொருந்தாது என்ற தடைக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. பரிந்துரைக் கடிதம் பையிலேயே தங்கிவிடுவது பனிநாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல.

அவ்வழியைத் தாங்குபவர் அந்தந்த ஊரைச் சேர்ந்த சமூகச் சுகாதார உதவியாளர். 1950களில் காசநோய் மருந்து கொடுக்க ஊர்க்காரர்களையே அமர்த்தியதில் தொடங்கி, 1968இல் அமெரிக்கக் கூட்டரசின் நிதி பெற்று நிலைத்த ஏற்பாடு இது. ஆஸ்திரேலியாவின் செர்பர்க் பழங்குடிக் குடியிருப்பில் 2009இல் தொடங்கிய வாகனச் செவிச்சோதனையும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரைச் சார்ந்தே நடந்தது. பதிவுகளைப் பிரிஸ்பேன் மருத்துவர்கள் பார்த்தனர். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய குழந்தைச் செவிச்சோதனையிலும் முதற்கட்டத்தைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்களே.

தமிழ்நாட்டு முயற்சி இவ்வாதத்தின் எல்லையையும் உணர்த்துகிறது. கைக்குழந்தையின் செவி நரம்பு மின்னலைகளைப் பதியும் சோதனையைச் சேமித்து அனுப்பும் முறையில் நடத்துவது கடினம். குழந்தையின் தோலைத் துடைத்து மின்முனைகளை ஒட்ட வேண்டும். குழந்தை உறங்க வேண்டும். உறங்கும் அந்நேரத்திலேயே சென்னையிலிருக்கும் வல்லுநர் கருவியை இயக்க வேண்டும். இங்கே இணைப்பின் தரம் உண்மையாகவே முடிவைப் பாதிக்கும். பள்ளிப் பருவத்து நடுக்காது நோய்க்குப் பொருந்தும் முடிவைப் பிறவிச் செவிக்குறைக்கு அப்படியே நீட்டக் கூடாது.

இந்த வரம்புக்கு உட்பட்டு, பேரிங் நீரிணைச் சோதனை கருவி வாங்குவதற்கான பரிந்துரை அன்று. குறை கண்ட குழந்தையைக் கிளினிக்கில் சேர்க்கும் கடமையைப் பெற்றோரிடமிருந்து மருத்துவ அமைப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கான சான்று அது. நல்ல ஏற்பாட்டிலும் 123 குழந்தைகள் வராமல் போயினர். அடுத்த ஆய்வுகள் படத்தின் துல்லியத்தை மீண்டும் அளப்பதை விடுத்து, அவர்கள் ஏன் வரவில்லை என்பதை ஆராய்வதே தகும்.